விழுந்தபோது பார்த்த ஆள்

கெங்கம்மாள் திண்டிவனத்துக் கல்யாண மண்டபங்களுக்குக் காய் நறுக்கப் போகிறவள். முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் சாப்பிடுகிற இடத்தில் நிற்பாள். மறுநாள் கிளியனூரில், தான் குடியிருக்கிற ஒற்றை அறையில், ஏன் என்று கேட்க நாதி கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. பிள்ளை இல்லை. தங்கை மகள் வேணியைத் தூக்கி வளர்த்தாள். அவள் விழுப்புரத்துக்கு வாக்கப்பட்டுப் போனதும், போன் பேசுவது பொங்கல், தீபாவளி என்று சுருங்கி, பிறகு அதுவும் நின்றுபோனது. ஆனால் மண்டபத்தில் என்ன சொல்லி வைத்திருந்தாள் தெரியுமா? "எம்பொண்ணு வாராவாரம் வந்து பாத்துட்டுப் போவுது." வீம்பு பிடித்த மனுஷி, வேறென்ன சொல்ல?

மாசியில் ஒருநாள் கேப்பைக் கூழை அடுப்பிலிருந்து இறக்கியவள், கண் விழித்தபோது தரையில் கிடந்தாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை விழுந்ததும், திண்டிவனத்தில் டாக்டர் புனிதாவிடம் போனாள். ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை.

"நீங்க விழுந்தப்போ யாரு பாத்தாங்க?" என்று கேட்டார் டாக்டர். "உங்களுக்குத் தெரியாதும்மா, பக்கத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். கைகால் இழுத்துச்சா, மூஞ்சி வெளுத்துச்சா? அத வெச்சுத்தான் நோய் எங்க இருக்குதுன்னு நான் சொல்ல முடியும்."

பின்னால் பெஞ்சில், தன் இருமலுக்கு மருந்து வாங்க வந்த அம்சவள்ளி, மண்டபத்தில் கூட வேலை பார்க்கிறவள், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாக இருப்பதைக்கூட கெங்கம்மாள் பொறுத்துக்கொள்வாள், அது நாலு பேருக்குத் தெரிவதைத்தான் பொறுக்கமாட்டாள். யாருமில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?

"எம்பொண்ணு வேணி பாத்துச்சுங்க. கைகால் இழுத்துச்சாம். வாயில நுரை தள்ளுச்சாம்."

எப்போதோ சமையற்கட்டில் ஒரு பரிமாறுகிற ஆளுக்கு வந்த வலிப்பை அப்படியே தனக்கு வந்ததாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் வலிப்புக்கு மாத்திரை எழுதினார். அடுத்த தடவை வேணியையும் அழைத்து வரச் சொன்னார்.

மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை கெங்கம்மாள். விழுவது குறையவில்லை, கூடியது. துணி துவைக்கிற கல்லில் விழுந்து நெற்றி பிளந்தது. ரத்தத்தைத் துடைத்து முந்தானையால் அழுத்திக்கொண்டு, தானே பஸ் ஏறித் திண்டிவனம் வந்து சேர்ந்தாள்.

தையல் போட்டு முடித்த டாக்டர் எதிரே உட்கார்ந்தார். "மாத்திரை போட்டும் இப்படின்னா நாந்தான் எங்கியோ தப்பாப் பாக்குறேன். உங்க பொண்ணு நம்பர் குடுங்க. இன்னொரு தபா தெளிவாக் கேட்டுக்குறேன்."

நம்பர் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது அந்தப் பொய். அடுத்த தடவை எழுந்திருக்காமலே போய்விட்டால், எத்தனை நாள் கழித்து யார் கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்தாள்.

"யாரும் பாக்கலீங்க டாக்டரம்மா," என்றாள். "எங்கூட யாரும் இல்லீங்க. நுரை தள்ளுச்சுன்னது பொய்யி."

டாக்டர் திட்டவில்லை. "சரி, கண்ணு முழிச்சதும் நீங்களே என்ன பாத்தீங்க? அதச் சொல்லுங்க."

"கூழு கொட்டிக் கெடந்துச்சு. ஆவி பறந்துக்கினு இருந்துச்சு. உடனே தொடைக்கத் துணி தேடுனேன்."

"அப்போ ரொம்ப நேரம் மயங்கிக் கெடக்கல. வலிப்பா இருந்தா எழுந்ததும் இவ்ளோ தெளிவா இருக்க மாட்டீங்க. இது மூளை இல்ல, இதயமா இருக்கும்னு நெனைக்கிறேன். நடுநடுவுல துடிக்காம நின்னு போவுது. நல்லாத் துடிக்கிற நேரத்துல ஈசிஜி எடுத்தா எதுவும் தெரியாது. நான் குடுத்த மாத்திரையும் அத இன்னும் மோசமாக்கியிருக்கும். அத நிறுத்திடுங்க. இங்கியே தங்குங்க, பாத்துடுவோம்."

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, மானிட்டருக்கு எதிரே இருந்த கட்டிலில் படுக்கவைத்தார்கள். அங்கே நர்ஸ் கலையரசிக்கு டூட்டி. மறுநாள் மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கெங்கம்மாள் சாய்ந்தாள். திரையில் கோடு படுத்துவிட்டது. கண் திறந்தபோது அவள் கை கலையரசியின் கைக்குள் இருந்தது.

டாக்டர் ஓடிவந்து பார்த்தார். நினைத்தது சரிதான் என்றார். பாண்டிச்சேரிக்கு அனுப்பி, இதயத்தை நிற்கவிடாமல் துடிக்கவைக்கிற பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்திவிட்டால் பயமில்லை என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய கெங்கம்மாள், அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனதும் நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேனே. நல்லாத்தான் சாப்ட்டுக்கினு இருந்தீங்க. திடீர்னு கண்ணு மேல சொருகிச்சு. மூஞ்சி வெள்ளையாப் பூட்டுச்சு. கைகால் ஒண்ணும் இழுக்கல. நான் கையப் புடிச்சு அம்மா அம்மான்னு கூப்ட்டேன். அப்பறம் மூஞ்சி செவந்துச்சு, கண்ணத் தொறந்தீங்க."

கெங்கம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இன்னொரு தபா மொதல்லேர்ந்து சொல்லேம்மா."

கலையரசிக்குத் தலைக்கு மேல் வேலை கிடந்தது. இருந்தாலும் கட்டிலோரம் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.