நாற்பத்தாறு கால்கள்

படம் பேசாத காலம் அது. ஆம்பூரில் பாலாற்றங்கரையில் கூடாரம் போட்டு, டூரிங் சினிமாக்காரர் ஒருவர் பதினெட்டு நாள் ஒரே படத்தை ஓட்டினார். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழில் உரக்கச் சொல்ல ஆள் வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு காட்சிக்கு அறுபத்து மூன்று எழுத்தட்டை; பதினெட்டு நாளில் ஆயிரத்து நூற்று முப்பத்து நான்கு. அன்று கெட்ட தொண்டை இன்றுவரை சரியாகவில்லை.

வெள்ளைக்காரர் தேசத்தில் ஒரு கறுப்பு ஓட்டக்காரன். நிறத்தைக் காட்டி அவனைப் பந்தயத்தில் சேர்க்க மறுக்கிறார்கள். அவன் விடாமல் போய் நின்று, ஓடி, ஜெயிக்கிறான். அவன்மேல் துப்பினவனே வந்து கைகுலுக்குகிறான். இதுதான் கதை. கைகுலுக்கும் இடத்தில் பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். வக்கீல்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டிப் பிரித்த மூலையில், தரையில், தோல்ஷாப்பு ஆட்கள் இருப்பார்கள். சீட்டி அங்கிருந்துதான் வரும்.

படம் கொடுத்த உற்சாகத்தில் ஊர் விளையாட்டுக் கமிட்டி ஓர் ஓட்டப்பந்தயம் வைத்தது. மூன்றாம் மைல்கல் வரை போய்த் திரும்ப வேண்டும். "யார் வேண்டுமானாலும் ஓடலாம்" என்ற அறிவிப்பைக் கூடாரத்தில் படித்தவனும் நான்தான். அதைக் கேட்டுச் சேரியிலிருந்து ஒருவன் பெயர் கொடுத்தான். தோல்ஷாப்பில், தோல் ஊறும் பட்டைக் குழியில் இறங்கி வேலை செய்கிறவன். வாணியம்பாடிக்கு ஓடிப்போய்ச் சேதி சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்புகிறவன். அவன் ஓடினால் கோப்பை அவனுக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கமிட்டித் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவரே தலைவர்.

"இன்னா வாத்யாரே, யார் வேணா ஓடலாம்னு படிச்சா, யார் வேணா வந்துடறதா?"

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே படிச்சேன்."

"பரிசு குடுக்க துரை வர்றாரு. அவர் எதுர்ல ஜாதி பேசினா அசிங்கம். படிச்சவன், நீயே ஒரு வழி சொல்லு."

சொன்னேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள் முழுதும் நிற்பவன் காலில் செங்கறை ஏறிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால், காலில் கறை உள்ளவர்கள் ஓடக்கூடாது என்று ஒரு சுகாதார விதி. தலைவர் சிரித்தார். "இனிமே பேஜாரே இல்ல." அந்த விதியையும் கூடாரத்தில் நானே படித்தேன்.

பந்தயத்தன்று காலை இருபத்து மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். நாற்பத்தாறு கால்கள். இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியில் அவன். அவன் காலில் கறை இல்லை. தோலும் பாதி இல்லை. மாட்டுத்தோலில் மயிர் உதிரப் போடும் சுண்ணாம்புக் குழம்பை நான்கு நாளாகக் காலில் அப்பியிருக்கிறான். சுத்தம் பண்ண அவன் கற்ற வழி அதுதான். பாதமெல்லாம் வெளிறி, திட்டுத்திட்டாக உரிந்து, விரலிடுக்கில் நீர் கசிந்தது.

"பாத்துக்கங்க வாத்யாரய்யா, ஒரு பொட்டு கறை கெடையாது" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

"இந்தக் காலோட ஆறு மைல் ஓடுவியா?"

"எரியும். எரியட்டும். கறை இருக்குதா, அத்த மட்டும் சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருவன், "டேய், குஷ்டம்டா! தள்ளி நில்லுங்க!" என்றான். சிரிப்பு எழுந்தது. துரை என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். விதிப்படி அவனை ஓட விட்டாக வேண்டும். தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில், ஒட்டுவியாதி என்றேன். துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.

"வாத்யாரே, படத்துல அவன் காலை யார்னா குனிஞ்சு பாத்தாங்களா?" என்றான். அய்யாவை விட்டுவிட்டான்.

நான் பட்டியலில் இருபத்து மூன்றாம் பெயரை அடித்தேன். இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். ஜெயித்தவனுக்கு எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பதினோரு நாள் அவனால் குழியில் இறங்க முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவன் ஏன் ஓடவில்லை என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் பார்த்து வேண்டாமென்றார் என்று ஏழு பேரிடமும் சொன்னேன். அன்றைக்கு அங்கே டாக்டர் யாரும் வரவில்லை.