மூச்சு எண்ணும் வேலை

பிறர் மூச்சை எண்ணுவது என் வேலை. ஆனால் எண்ணுகிறேன் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. சொன்னால் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். வீடு வீடாகப் போகும் நர்ஸுகளே, உங்களுக்கும் இந்தத் திருட்டுத்தனம் பழக்கம்தானே?

சட்டைப் பொத்தான்

ஜமால் நானா சிராங்கூன் ரோட்டில் மசாலா அரைத்து விற்றவர். நுரையீரல் பழுதாகிவிட்டது, இனிச் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி ஜுலைகா லாத்தா மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இந்தக் காட்டுத்தீப் புகைமூட்டம் போனா சரியாயிடும்" என்பார்.

முதல் நாள், ஈசூன் வீட்டில், நானாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்ப்பதுபோல் கடிகாரத்தையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தேன். நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு. அதிகம். அவர் மூச்சு வாங்கியபடியே கேட்டார்: "என்ன மிஸ்ஸி, கையைப் பிடிச்சுக்கிட்டு சட்டையையே பார்க்கிறீங்க? பட்டன் மாத்திப் போட்டுட்டேனா?"

ஊதும் குழாய்

காற்று எவ்வளவு வேகமாக வெளிவருகிறது என்று பார்க்க ஒரு குழாய் உண்டு. நானா ஊதினார். முள் பாதிகூட ஏறவில்லை. மிச்சக் காற்றையும் தள்ளட்டும் என்று உற்சாகமாகக் கத்தினேன்: "அவ்வளவுதான் நானா, அப்படியே மூச்சை விட்டுடுங்க!"

அடுப்படியில் கரண்டி விழுந்தது. நான் சொன்னது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. நானா இருமலுக்கு நடுவே சிரித்தார். அடுப்படி வாசலில் வந்து நின்ற லாத்தா சிரிக்கவில்லை. "ஊதச் சொல்லுங்க, இருமச் சொல்லுங்க. அந்த வார்த்தை மட்டும் இந்த வீட்டுல வேணாம் லா."

நாடி வேண்டாம்

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. நானா கண் திறக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நாடி பார்க்கிறதெல்லாம் சும்மான்னு எனக்குத் தெரியும் மிஸ்ஸி," என்றார் லாத்தா. "விடிஞ்சதுலேர்ந்து நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். குறைஞ்சுக்கிட்டே வருது."

"ஆமா லாத்தா" என்றேன். பிடித்திருந்த மணிக்கட்டைப் படுக்கையில் வைத்தேன்.

அவர் நானாவின் காதருகே குனிந்து கலிமா சொன்னார். நெற்றியைத் தடவினார். பிறகு, அந்த வீட்டுக்குள் வரக் கூடாத வார்த்தையை அவரே சொன்னார்: "கஷ்டப்பட்டது போதும்ங்க. மூச்சை விட்டுடுங்க. நான் இருந்துக்குவேன்."

எங்கள் நர்சிங் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால், மூச்சு விடுவதற்கும் மூச்சை விடுவதற்கும் நடுவே ஓர் ஐகாரம்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.