லால்குடிக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர்

அறிவுமதிக்கு ரயில் ஓட்ட வேண்டும் என்றுதான் ஆசை. அசிஸ்டன்ட் லோகோ பைலட் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியும்விட்டான். மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைகளைக் காட்டி, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். பாதி அட்டைகளில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் தன் கண்கள் சரியாகப் பிரிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. சிக்னலின் நிறம் பிடிபடாதவனுக்கு எஞ்சினில் வேலை கிடையாது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்று அவனே சொல்வான். ஆனாலும் ரொம்ப நாளைக்கு அவன் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

பிறகு அரியமங்கலத்தில் இரும்புச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வீடு. அங்கேதான் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றை முதன்முதலில் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அதில் வெளிநாட்டு ரயில் பாதைகள் நிறைய இருந்தன. பனி மலை, சுரங்கப் பாதை எல்லாம் ஓட்டிச் சலித்துப்போனான். நமக்கு வேண்டிய பாதையை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், திருச்சி ஜங்ஷனிலிருந்து விழுப்புரம் வரை கட்ட உட்கார்ந்தான்.

அது வருஷக்கணக்கில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டே போவான். எந்த இடத்தில் வளைவு, எந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் புளியமரம், காவிரிப் பாலத்தில் எத்தனை கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்தான். டவுன் ஸ்டேஷனைத் தாண்டும்போது இடது பக்கம் மலைக்கோட்டை எந்த அளவில் தெரிய வேண்டும் என்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று.

முடித்த பாதையை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தான். பாராட்டைவிடப் புகார்தான் அதிகம் வந்தது. பாதை மிகப் பெரிது, திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது, விருத்தாசலம் போவதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது என்றார்கள். போர்ட்டல் வைத்துப் பிரித்துக் கொடுங்கள் என்று பலரும் எழுதினார்கள். போர்ட்டல் என்பது தண்டவாளத்தின் நுனியில் வைக்கிற ஒரு வாசல். ரயில் அதற்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். பாதையின் அடுத்த துண்டில் அதற்கு ஜோடியாக இன்னொரு வாசல் இருக்கும். அதே எஞ்சின், அதே பெட்டிகள் அதன் வழியாக வெளியே வரும். ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டும் திறந்திருப்பதால் கம்ப்யூட்டருக்குச் சுமை குறையும்.

அறிவுமதி மாட்டேன் என்றான். ஓடிக்கொண்டிருக்கிற ரயில் பொசுக்கென்று காணாமல் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. முழுசாக ஓட்ட முடிந்தவர்கள் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டான்.

அவன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர் லூர்துராணி. அவருடைய கணவர் ஸ்டீபன்ராஜ் லோகோ பைலட். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் லூர்துராணி அடிக்கடி லீவு போட்டார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவரே காரணத்தைச் சொன்னார். ஸ்டீபன்ராஜ் விழுப்புரத்துக்கு ரயிலை எடுத்துக்கொண்டு போகையில், லால்குடி தாண்டி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்திருக்கிறார். ஸ்டீபன்ராஜ் ஹாரன் அடித்து, பிரேக்கும் போட்டிருக்கிறார். அந்த வேகத்தில் வருகிற ரயில் உடனே நிற்காது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி நடப்பது அவருக்கு முதல் தடவை இல்லை. ஆனால் இந்த முறை அந்த மனிதர் கடைசி நொடியில் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஸ்டீபன்ராஜ் வேலைக்குப் போகவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். யாரோடும் பேசுவதில்லை. பொன்மலையில் இருந்துகொண்டு ரயில் சத்தம் கேட்காமல் எப்படி இருப்பது? ஹாரன் சத்தம் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்.

கேட்டுக்கொண்டிருந்த அறிவுமதிக்கு இரக்கத்தோடு எரிச்சலும் வந்தது. தனக்குக் கிடைக்காத இருக்கையை ஒருவர் காலியாக விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தான். நினைத்த மறு நிமிஷமே கூசிப்போனான். அந்தக் கூச்சத்தில்தான் தன்னுடைய பாதையைப் பற்றி லூர்துராணியிடம் சொன்னான். அவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஸ்டீபன்ராஜ் தானாக விரும்பினால் ஓட்டிப் பார்க்கட்டும், வற்புறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைக்குப் போனான். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. பாதை திறக்கவே இல்லை; பிரித்துக் கொடுத்தால்தான் திறக்கும் என்று அறிவுமதி சொன்னான். ஸ்டீபன்ராஜ் முன்னறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், எழுந்து வரவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிய லூர்துராணி மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, இதைச் சின்னச் சின்னதா பிரிக்கலாம்னு சொன்னீங்கள்ல? அந்த எடம் மட்டும் வராம பண்ண முடியுமா?”

எத்தனை பேர் கேட்டும் செய்யாததை அந்த வாரம் உட்கார்ந்து செய்தான். ஜங்ஷனிலிருந்து லால்குடி வரை ஒரு துண்டு. லால்குடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு முடிகிற இடத்தில் போர்ட்டல். அதற்குள் போகிற ரயில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, காட்டூர் பக்கத்தில் அடுத்த துண்டில் வெளியே வரும். நடுவில் இருந்த வயல், வாய்க்கால், அந்த மனிதர் கடந்த குறுக்குப் பாதை எதுவும் எந்தத் துண்டிலும் இல்லை.

பொன்மலை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இந்தத் தடவை அது திறந்தது. முதல் வாரம் ஸ்டீபன்ராஜ் தொடவில்லை. இரண்டாவது வாரம் அறிவுமதி தானே ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தத் தெரியாமல் அவன் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

“பிரேக்கை இவ்வளவு லேட்டா போட்டா எங்க நிக்கும்? எந்திரிங்க தம்பி” என்றார்.

உட்கார்ந்து ஓட்டினார். கொள்ளிடம் பாலத்தில் வேகத்தைச் சரியாகக் குறைத்து, வாளாடி வரை ஓட்டிக்கொண்டு போனார். பிறகு வயல்களைக் காட்டி, இது என்ன எல்லாம் காய்ந்து கிடக்கிறது, இங்கே இரண்டு போகம் விளையுமே என்று கேட்டார். இணையத்திலும் சிலர் இதையே எழுதியிருந்தார்கள். அறிவுமதி அதற்குப் பதில் போட்டதில்லை. தனக்கு அது பச்சையாகத்தான் தெரிகிறது என்று இப்போது சொன்னான். தேர்வு எழுதியது, அட்டைகளைக் காட்டியது எல்லாவற்றையும் சொன்னான். ஸ்டீபன்ராஜ் லூர்துராணியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். அடுத்த வாரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நிறம் சொல்ல, அறிவுமதி வாளாடி வயல்களுக்கெல்லாம் மறுபடியும் பச்சை அடித்தான்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஸ்டீபன்ராஜ் தினமும் ஜங்ஷனிலிருந்து கிளம்பி லால்குடிவரை ஓட்டுவார். போர்ட்டல் நெருங்கும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். ரயில் மறைவதைக்கூட அவர் பார்ப்பதில்லை என்று லூர்துராணி சொன்னார். ஆனால் சரியாகச் சாப்பிட்டார். வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் தவறாமல் போனார்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவுமதி போயிருந்தபோது, அவர் லால்குடி தாண்டியும் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. போர்ட்டலுக்குள் போனார். திரை ஒரு நிமிஷம் இருண்டு, காட்டூர் பக்கத்து மரங்கள் தெரிந்தன. அவர் வண்டியை அங்கேயே நிறுத்தினார்.

“நடுவுல ரெண்டு கிலோமீட்டர் காணோமே தம்பி.”

அறிவுமதி சமையலறைப் பக்கம் பார்த்தான். லூர்துராணி ஈரக் கையோடு வந்து நின்றார். தான்தான் எடுக்கச் சொன்னதாகச் சொல்லிவிட்டார். ஸ்டீபன்ராஜ் கோபப்படவில்லை.

“இல்லாத மாதிரி ஓட்டிக்கிட்டே இருந்தா, நெசத்துல அங்க போறப்ப நான் என்ன பண்ணுவேன்? அதைத் திரும்பப் போட்டுடுங்க.”

“டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா சார்?”

“கேளுங்க. கேட்டுட்டுப் போடுங்க.”

டாக்டர் சரி என்றார், தனியாக ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எடுத்ததைத் திரும்ப வைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பழைய பாதையில் அந்த இடம் அப்படியே இருந்தது. போர்ட்டலைக் காட்டூர் தாண்டி நகர்த்தினால் போதும்.

லூர்துராணி ஒரு பக்கமும் அறிவுமதி ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்க ஸ்டீபன்ராஜ் ஓட்டினார். லால்குடி தாண்டியதும் லூர்துராணி அவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டார். விளையாட்டில் யாரும் தண்டவாளத்தைக் கடப்பதில்லை. வெறும் மண்பாதை, வாய்க்கால், வயல். அந்த இடத்துக்கு முன்னாலேயே அவர் ஹாரனை அழுத்தி, தாண்டிய பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். காட்டூரில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் அழுவதை அன்றுதான் பார்ப்பதாக லூர்துராணி பின்னால் சொன்னார்.

அந்த விளையாட்டால்தான் அவர் குணமானார் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை, டாக்டர், மனைவி, பின்னால் பேச வந்த இரண்டு சக டிரைவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கோடையில் அவருக்கு மறுபடியும் பரிசோதனைகள் நடந்தன. முதலில் வேறு பக்கம் போகிற சரக்கு ரயில்களில் போட்டார்கள். பிறகு விழுப்புரம் பாதைக்கே வந்துவிட்டார். சில நாட்களில் தூக்கம் வருவதில்லை என்று இப்போதும் சொல்கிறார்.

அறிவுமதி தன் பாதை முழுவதையும் நான்கு துண்டுகளாகப் பிரித்து இணையத்தில் போட்டான். பழைய புகார்கள் நின்றன. அரியலூர் ஸ்டேஷனில் பெயர்ப்பலகை தப்பு என்று புதுப் புகார்கள் வந்தன. இப்போது தஞ்சாவூர் பாதையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அதில் போர்ட்டலை எங்கே வைப்பது என்பதில் அவனுக்கும் ஸ்டீபன்ராஜுக்கும் தகராறு. பூதலூர் ஸ்டேஷனுக்கு முன்னால் வைத்தால் போதும் என்கிறான் இவன். பூதலூரில் நின்று கிளம்புகிற வண்டியை ஓட்டத் தெரியாதவன் என்ன டிரைவர், அதைத் தாண்டி வை என்கிறார் அவர். வாங்க போங்க எல்லாம் எப்போதோ போய்விட்டது.