கண்ணாடிக்குக் கீழே மூன்று பொத்தான்கள்

டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கதை பேசும் இடங்களில் அவருக்கு 'ரெண்டு ஹாரன்' என்று பெயர். வயது ஐம்பத்தெட்டு. அதில் பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் ஓடிவிட்டது. வாசலுக்கு வண்டி வந்ததும் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவார். அதில் அதட்டல் இருக்காது; தெரிந்தவர் வீட்டுக் கதவை விரலால் தட்டுகிற மாதிரி இருக்கும். தோட்டக்காரர் எந்தச் செடிக்கடியில் குனிந்திருந்தாலும் நிமிர்ந்து வந்து இரும்புக் கதவைத் திறந்துவிடுவார்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். பெரியம்மாவுக்கு எண்பது வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்தவர். இன்றைக்கும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை; காதும் இடுப்பும்தான் மக்கர். மகள் சின்னம்மா. சின்னம்மாவுக்கே ஐம்பத்திரண்டு ஆகிறது, மாடி ஏறினால் முட்டி கடகடக்கும். டிரைவர் வேலைக்குச் சேர்ந்தபோது வாயில் வந்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. மகன் வெளிநாட்டில் இருந்தான். அங்கிருந்தபடியே போனில் வீட்டை நடத்தினான்.

பழைய வண்டியைத் தள்ளிவிட்டுச் சத்தமே போடாத இந்த பேட்டரி வண்டியை வாங்க வைத்ததும் அவன்தான். வண்டியோடு சேர்ந்து வீட்டின் முகமும் மாறியது. இரும்புக் கதவு போயிற்று, தோட்டக்காரரும் போனார். ஷெட்டுக்குத் தானாக மேலே சுருண்டு ஏறுகிற கதவு வந்தது. வண்டிக்குள், பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே, மூன்று சின்னப் பொத்தான்கள். முதல் பொத்தானை அழுத்தினால் ஷெட் கதவு திறக்கும். மற்ற இரண்டும் எதற்கு என்று சின்னம்மாவுக்கும் தெரியாது.

"இந்த மாசக் கடைசிக்குள்ள பழகிடுங்கண்ணா," என்றாள் சின்னம்மா. "இல்லேன்னா வேற ஆள் பாருன்னு தம்பி சொல்றான். நான் என்ன பண்ண?"

டிரைவர் தலையை ஆட்டினார். பத்தொன்பது வருஷம் ஒரு பொத்தானில் தொங்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பொத்தான் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினால் கதவு சமர்த்தாக ஏறியது. அவர் அழுத்தினால் ஒரு சாண் தூக்கிப் பல்லைக் காட்டிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினால் கீழே இறங்கியது. சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. யாரும் பார்க்காதபோது இறங்கிப்போய் அதைத் தட்டி, கதவைத் திறந்துவிட்டு வந்து உட்காருவார். பத்து நாள் அப்படி ஒப்பேற்றினார். திங்கட்கிழமை சின்னம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சுவிட்சின் மேல் ஒரு அட்டையை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு காகிதத்தில் மூன்று வட்டம் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தையல்காரி. மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"என்ன, பரிட்சைக்குப் படிக்கிறியா?"

"மூணு பட்டன் இருக்கு. மொதல் பட்டன்தான். சரியாத்தான் அழுத்தறேன்."

"உன் சட்டையில ஏழு பட்டன் இருக்கு. ஒரு நாளாவது கேள்வி கேட்டுச்சா?"

"சட்டைக்கு மூளை இல்ல."

"போட்டிருக்கிறவருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "போய் அவங்ககிட்டயே கேளுய்யா. வராதுன்னு சொல்லு. இத்தனை வருஷம் பாத்தவங்க, ஒரு பட்டனுக்காகவா அனுப்பிடுவாங்க?" என்றாள்.

வராது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இடுப்புக்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டரிடம் பெரியம்மாவை வாராவாரம் கூட்டிப்போகிற நாள். பெரியம்மாவைப் பின் இருக்கையில் பத்திரமாக உட்கார வைத்து, கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, டிரைவர் முன்னால் ஏறினார். வண்டியின் முகம் கதவைப் பார்த்தபடி நின்றது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. மூச்சை இழுத்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே கையைக் கொண்டுபோனார்.

கதவு ஒரு சாண் ஏறி நின்றது. அடியில் ஒரு கீற்று வெயில் தரையில் விழுந்தது.

"தொறக்கலையா?" என்றார் பெரியம்மா.

"தொறக்கும்மா, தொறக்கும்."

மறுபடி அழுத்தினார். வெயில் கீற்று மெலிந்தது. அப்போதுதான் வண்டிக்குள் ஒரு ஆண் குரல் பேசியது.

"ஹலோ? அக்கா? இருக்கியா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். கதவுகளுக்குள் இருந்த ஸ்பீக்கர்களில் இருந்து பெரியம்மாவின் மகன் பேசிக்கொண்டிருந்தான். ஷெட்டுக்கு நேர் மேலேதான் சின்னம்மாவின் அறை. பாட்டு வைக்கக் கற்றுத்தருகிறேன் என்று போன வாரம் தன் போனை இந்த வண்டியோடு இணைத்தவள் அவள்தான். மாடியில் அவள் தம்பியோடு பேசிக்கொண்டிருக்க, கீழே வண்டி விழித்ததும் பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.

"லைன் விட்டு விட்டு வருது. பரவால்ல, நான் சொல்றத மட்டும் கேட்டுக்கோ. வீட்டை வாங்கறவங்க அடுத்த மாசம் இருபதாம் தேதி வராங்க. அதுக்குள்ள அம்மாவ அந்த முதியோர் ஹோமுக்கு மாத்திடணும். ரூம் சொல்லி வெச்சாச்சு."

கண்ணாடியில் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது மெஷின் போட்டிருந்தாலும், மெல்லப் பேசினால் அவருக்கு எட்டாது. குரல் மெல்லத்தான் வந்துகொண்டிருந்தது. இதை இப்போதே அமுக்கிவிட்டால் தப்பித்துவிடலாம்.

"ரேடியோவாப்பா?" என்றார் பெரியம்மா.

டிரைவர் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

"என்ன, ம்ங்கறே? சரி," என்றது குரல். "டிரைவர் விஷயம். இந்த மாசத்தோட நிறுத்திடலாம். வீட்டை விக்கிறோம்னு சொன்னா அவர் நேரா அம்மாகிட்டதான் போய் நிப்பார். அந்தப் பட்டன் கதையே போதும். பழகலேன்னு சொல்லிடு. தப்பு அவர் மேலயே போயிடும். சரிதானே?"

டிரைவருக்கு இருமல் வெடித்தது.

"சரி, ஒத்துக்கிட்டேல்ல? அப்புறம் பாவம் பரிதாபம்னு ஆரம்பிக்காதே."

தன் வேலை போவதற்குத் தானே தலையாட்டியாயிற்று என்று புரிய அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. அதைவிட இந்தக் குரலை நிறுத்துவது அவசரம். எந்தப் படம் வந்து திரையை மறைத்தாலும் மூலையில் பெருக்கல் குறி இருக்கும், அதைத் தொட்டால் மூடிவிடும் என்று சின்னம்மா சொல்லியிருந்தாள். திரையில் இப்போது பச்சையாக என்னவோ இருந்தது. மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில். எடுத்துப் போட நேரமில்லை. மங்கலாக ஒரு பெருக்கல் குறி தெரிந்தது. தொட்டார். குரல் நிற்கவில்லை. இன்னும் தொட்டார். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

அது கூட்டல் குறி.

"அம்மாகிட்ட கடைசி நாள் சொன்னாப் போதும்!" என்று ஷெட் முழுக்க இடித்தது மகனின் குரல். "டாக்டரப் பாக்கப் போறோம்னு கூட்டிட்டுப் போய் அங்க எறக்கிடு! அங்க போனதும் அழுவாங்க, ரெண்டு நாள்ல பழகிடும்! டிரைவர்..."

குரல் பாதியில் அறுந்தது. மாடியில் ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்துவிட்டு, சின்னம்மா போனை வைத்திருக்க வேண்டும்.

வண்டி சத்தமில்லாத வண்டி. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. டிரைவர் திரையில் இருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தன் காது வரை வந்த சேதியை அந்த அம்மாவின் காது வரை கொண்டுபோய்ச் சேர்த்தது தன் விரல்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"இருபதாம் தேதின்னா என்ன கிழமைப்பா?" என்று பின்னால் இருந்து கேட்டார் பெரியம்மா.

"சனிக்கிழமைம்மா."

"ஓ."

மாடிப்படியில் முட்டி கடகடக்கச் சின்னம்மா இறங்கி வருவது கேட்டது. பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. கையில் போன்.

"என்னண்ணா, இன்னும் போகலையா?" என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல், ஆனால் அம்மாவுக்கும் எட்டும்படி சத்தமாக, "போன் திடீர்னு ஊமையாயிடுச்சு. வண்டில ஏதாவது பேசிச்சா?"

பெரியம்மா முந்திக்கொண்டார்.

"எனக்கு என்னடி கேக்கும்? மெஷினை மேசை மேலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

மெஷின் நரைமுடிக்குள் காதோடு காதாக இருந்தது.

"எடுத்துட்டு வரட்டுமாம்மா?" சத்தம் போட்டுக் கேட்டாள் சின்னம்மா.

"இடுப்பு டாக்டருக்குக் காது எதுக்கு? கதவத் தொறக்கச் சொல்லு, நேரமாச்சு."

சின்னம்மாவின் பார்வை டிரைவரிடம் திரும்பியது. "உங்களுக்குண்ணா?"

"எனக்கு இந்தக் கதவோட மல்லுக்கட்டவே சரியா இருந்துச்சும்மா," என்றார் அவர். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

சின்னம்மா மூச்சு விட்டாள். முன் கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குற்றமுள்ள நெஞ்சோ என்னவோ, என்றைக்கும் இல்லாத கனிவு வந்திருந்தது. "அழுத்துங்க பாக்கலாம். நான் பாக்கறேன்."

அவர் அழுத்தினார். கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றது. சின்னம்மா அவர் விரலையே பார்த்தாள். "இன்னொரு தடவை?" அவர் அழுத்தினார். "அண்ணா," என்றாள். "ஏன் ரெண்டு தட்டுத் தட்டறீங்க?"

"ரெண்டா?"

"ஹாரன் அடிக்கிற மாதிரி. மொதத் தட்டுக்குத் தொறக்குது, ரெண்டாவது தட்டுக்கு நின்னுடுது. ஒண்ணே ஒண்ணு அழுத்திட்டுக் கையை எடுத்துடுங்க."

விரலைப் பார்த்தார். அதற்கு யாரும் சொல்லித்தராமலே பத்தொன்பது வருஷமாக ஒன்று தெரிந்திருந்தது. வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்தி, ஒரே ஒரு முறை அழுத்தி, சூடுபட்டவர்போல் இழுத்துக்கொண்டார்.

கதவு ஏறியது. ஒரு சாண், இடுப்பளவு, ஆளுயரம். நிற்காமல் கடைசி வரைக்கும் சுருண்டு மேலே போனது. வெயில் முழுதாக உள்ளே வந்து பெரியம்மாவின் செருப்பு வரை நீண்டது.

"வந்துடுச்சு!" என்றார் டிரைவர், தன்னை மீறி. சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் மலரவில்லை. அவரை அனுப்புவதற்கு இருந்த ஒரே காரணம் இப்போது மேலே சுருண்டுவிட்டது. வேறு காரணம் தேடவேண்டிய களைப்பு அந்த முகத்தில் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

"நல்லதுண்ணா," என்றாள் சின்னம்மா. "பழகிட்டீங்க." இறங்கி, வண்டிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

தெருக்கோடியில் சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. இடது பக்கம் திரும்பினால் டாக்டர். வலது பக்கமும் நேராகவும் ஊர் கிடந்தது. டிரைவர் கண்ணாடியை நிமிர்த்தி இப்போதுதான் பார்த்தார். பெரியம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அழவில்லை. கடை கடையாகப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார். "எங்க போகணும்னு சொன்னீங்கன்னா, அங்க ஓட்டறேன்."

எங்கே என்று சொன்னாலும் ஓட்டியிருப்பார். பெரியம்மா உதட்டைப் பிரித்தார். உறவுக்காரர் வீடு, சிநேகிதி வீடு, வக்கீல் என்று ஒவ்வொன்றாக யோசிப்பது முகத்தில் ஓடியது. ஒவ்வொன்றாக அணைவதும் தெரிந்தது.

"யாராவது இருந்தா சொல்லமாட்டேனா?" என்றார் கடைசியில்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் பொறுமையில்லாமல் ஹாரனை நீளமாக அலறவிட்டான். டிரைவர் இன்னும் ஒரு நொடி பார்த்தார். பிறகு இடது பக்க விளக்கைப் போட்டு, அந்த அம்மாவின் இடுப்பு அதிராதபடி, மெல்லத் திருப்பினார்.