மேற்கு ஜன்னலில் ஒரு கப்பி

மாடியில் நான் தனியாக நின்ற நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். நின்றவள் நான். எனக்கு அது அவ்வளவு குறைந்த நேரமாகத் தெரியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் பேக்கிங், எங்கே பார்த்தாலும் வைக்கோலும் அட்டைப்பெட்டியுமாக இருக்கும். முதல் மாடியில் சுட்டெடுத்த பொம்மைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டாவது மாடியில் என்னையும் சேர்த்து வர்ணம் தீட்டுகிற பெண்கள் பதினோரு பேர். நான் கண் எழுதுகிறவள். பிள்ளையாரானாலும் குதிரையானாலும் கிளியானாலும் எல்லா வேலையும் முடிந்து கடைசியில் கண்ணுக்காக என் மேஜைக்கு வரும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அந்தக் கட்டடத்தில் நல்ல வெளிச்சம் இரண்டாவது மாடியில் மட்டும்தான்.

மூன்று வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டு, கைத்தடி ஊன்றித்தான் நடப்பேன். காலையில் ஒரு தடவை மாடி ஏறுவேன், சாயங்காலம் ஒரு தடவை இறங்குவேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படி. பின்னால் வருகிறவர்கள் பொறுமையாக நிற்பார்கள். அவசரம் இல்லாத நாளில் எல்லோருக்கும் பொறுமை இருக்கும்.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த நேரம். கீழே தின்னரில் நனைந்த துணி ஒன்று எப்படியோ பற்றிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த வைக்கோலுக்குத் தாவிவிட்டது. இருப்பது ஒரே படிக்கட்டு. அது அடுப்புக் குழாய் மாதிரி புகை முழுவதையும் மேலே இழுத்தது. யாரோ "தீ! தீ!" என்று கத்தினார்கள். பத்துப் பேரும் எழுந்து ஓடினார்கள்.

என் பக்கத்து மேஜைக்காரி மாதா கோயில் தெருக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் கொண்டுவருகிற மீன் குழம்பில் பாதி என் தட்டில்தான் விழும். அவள் என் தோளைத் தொட்டு "வாக்கா" என்றாள். நான் கைத்தடியைத் தேடினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை.

படி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போனேன். புகையில் முதல் படியே தெரியவில்லை. திரும்பி மேற்கு ஜன்னலுக்கு வந்தேன். ஜன்னல் முழுக்க இரும்புக் கம்பி. இரண்டு கம்பிக்கு நடுவில் மூக்கை நீட்டி மூச்சு வாங்கினேன். கீழே முற்றத்தில் பத்துப் பேரும் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்கள். மேலே இருந்து நான் அவர்களைப் பார்த்தேன்.

பேக்கிங் ஆட்கள் மணலையும் தண்ணீரையும் கொட்டித் தீயை அணைத்துவிட்டார்கள். நாலு பெட்டி பொம்மை போனது, அவ்வளவுதான். எல்லோரும் திரும்பி மேலே வந்தார்கள். ஒருத்தி "நல்லவேளக்கா, ஒண்ணும் ஆவல" என்றாள். பக்கத்து மேஜைக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். வெளிநாட்டுக்குப் பொம்மை வாங்குகிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு மேடம் வரப்போகிறார்கள், கம்பெனியில் தீ ஒத்திகை பார்ப்பார்கள் என்றார்.

"அடுத்த மாசக் கடைசியிலக்கா. மணி அடிச்ச ஒடனே எல்லாரும் எறங்கிடணும். மேடம் வாட்ச வெச்சிகினு நிப்பாங்க. அதனால நீங்க அன்னிக்கு ஒருநாள் லீவு போட்டுடுங்க."

"ஏன், நான் இங்க வேல செய்யலியா?"

"செய்றீங்கக்கா. நேரம் கூடிப் போயிடுமில்ல, அதுக்குத்தான்."

அவர் கெட்டவர் இல்லை. ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார். அந்தப் பணிவுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எரிந்து போனாலும் கணக்கில் வராமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அன்றே முதலாளி அறைக்குப் போனேன்.

"ஒனக்குக் கீழ எடம் போட்டுத் தரேம்மா. பேக்கிங்ல ஒக்காந்துக்க" என்றார்.

"கீழ கண்ணு எழுத வெளிச்சம் இல்லீங்க."

"கண்ண வேற யாராச்சும் எழுதுவாங்க."

"அதெல்லாம் வேணாங்க. மேற்கு ஜன்னல் கம்பியக் கதவு மாதிரி தொறக்கறாப்ல பண்ணிக் குடுங்க. அதுக்கு மேல, மொட்ட மாடிக்குத் தண்ணித் தொட்டி ஏத்துன இரும்பு உத்தரம் சும்மாதான் நீட்டிகினு இருக்குது. அதுல கப்பி மாட்டி, கயித்தக் கட்டி நானே எறங்கிக்கிறேன்."

முதலாளி சிரித்தார். "இது என்ன, சர்க்கஸ் கம்பெனியா?"

"இல்லீங்க, தீப்புடிக்கிற கம்பெனி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

கப்பி, கயிறு என்று வாயால் சொல்லிவிட்டேனே தவிர, அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கிணற்றில் வாளி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் பேக்கிங்குக்குச் சணல் கயிறு மங்கலம்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையிலிருந்து வரும். அந்தக் கடைக்கார பாய் பல வருடம் துபாயில் உயரமான கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவர் என்று லோடு ஆட்கள் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவர் கடை வாசலில் நின்றேன்.

முழுவதையும் கேட்டார். என் காலைப் பார்த்தார். பார்க்காத மாதிரி நடிக்கவில்லை.

"எவ்ளோ ஒசரம்மா?"

"இருபத்திரண்டு அடி, பாய்."

"கை எப்பிடி?"

"முப்பத்தஞ்சு வருசமா கைத்தடி ஊனுற கை. இரும்பாக் கெடக்குது."

"அப்ப எறங்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அழுதிருப்பேன். கடையில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் காட்டிக்கொடுத்தார். மேலே கப்பி. கயிற்றின் ஒரு நுனி இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட்டில் கட்டியிருக்கும். கயிறு கப்பியின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கி, அதே பெல்ட்டில் தொங்குகிற, எட்டு மாதிரி இருக்கும் இரும்பு வளையத்துக்குள் புகுந்து நம் கைக்கு வரும். உடம்பின் பாதி பாரம்தான் கை பிடிக்கிற பக்கக் கயிற்றுக்கு வரும். அதிலும் பெரும்பங்கை வளையம் பிடித்துக்கொள்ளும். கையை இறுக்கினால் நிற்கலாம், தளர்த்தினால் இறங்கலாம். மிச்சக் கயிறு தரையில் கிடக்கும். நமக்குக் கை வழுக்கினாலும் கீழே நிற்கிறவர் அதை இழுத்துப் பிடித்தால் போதும், அப்படியே நின்றுவிடுவோம்.

நான் நைலான் கயிற்றைக் கையில் எடுத்தேன். "அது வேணாம்மா. சூடு பட்டா உருகிப் போயிடும்" என்று பிடுங்கி வைத்துவிட்டு, தடிமனான பருத்திக் கயிறும் தோல் கையுறையும் கொடுத்தார். அவர் வீட்டம்மா வந்து என் சேலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தக் கட்டிகினு தொங்கப் போறியா? அடுத்த வாரம் சுடிதார் போட்டுகினு வா."

நாலு ஞாயிறு போனேன். முதல் தடவை குடோன் உத்தரத்தில் எட்டடி உயரத்தில் தொங்கியபோது உடம்பு மரத்துப்போய்விட்டது. கையைத் தளர்த்த முடியவில்லை. தளர்த்தினால் விழுவேன் என்று உடம்பு சொன்னது, விழமாட்டாய் என்று பாய் சொன்னார். யார் சொல்வதைக் கேட்பது? அந்த அம்மாதான் கீழிருந்து, "கீழ பாக்காத. எதுத்தாப்ல இருக்குற சொவத்தப் பாரு. பல்லி ஒண்ணு இருக்குது பாரு, அது எப்பிடி ஒட்டிகினு இருக்குதுன்னு பாரு" என்று பேசிக்கொண்டே இருந்தார். பல்லியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். நாலாவது ஞாயிறு என் தோள்களில் இருந்த பலம் எனக்கே புதிதாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க என் காலைப் பற்றித்தான் எல்லோரும் பேசியிருக்கிறார்கள், நானும்தான்.

ஒத்திகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அலமாரி பற்றவைக்கக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வெல்டர் ஒருவர் மேலே வந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரை மேற்கு ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். நாலு பக்கமும் கம்பிச் சட்டத்தை அறுத்து, ஒரு பக்கம் கீல் வைத்து, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.

"மொதலாளி சொன்னாராக்கா?"

"நான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வேலையை ஆரம்பித்தார். கப்பியையும் அவர்தான் உத்தரத்தில் மாட்டினார். தீப்பொறி பறந்த சத்தம் கேட்டு, மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பக்கத்து மேஜைக்காரி வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் ஓடிட்டன்க்கா. தூக்கமே வரமாட்டேங்குது."

"ஓடுனது தப்பில்ல. எனக்குக் கால் நல்லா இருந்தா ஒனக்கு முன்னாடி ஓடியிருப்பேன். அழுவறத வுடு. கீழ நின்னு கயித்தப் புடிப்பியா?"

"புடிக்கிறன்க்கா."

"கை வலிக்கும்."

"வலிக்கட்டும்."

ஒத்திகை நாள் காலையில் வழக்கம்போல் மாடி ஏறினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "லீவு போடச் சொன்னனேக்கா!"

"தீ வந்து, ஒனக்கு என்னிக்கு லீவுன்னு கேட்டுட்டா புடிக்கும்?"

அதற்குள் மேடம் முற்றத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

மணி அடித்தது. பத்துப் பேரும் இறங்கினார்கள். நான் ஏற்கெனவே பெல்ட்டை மாட்டி வைத்திருந்தேன். தாழ்ப்பாளைத் திறந்து கம்பிச் சட்டத்தைத் தள்ளி, மிச்சக் கயிற்றைக் கீழே எறிந்தேன். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, இரும்புப் பட்டை போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே போட்டேன். கீழே பக்கத்து மேஜைக்காரி மூச்சு வாங்க ஓடி வந்து கயிற்று நுனியைப் பிடித்து, "புடிச்சிட்டன்க்கா!" என்று கத்தினாள். முதலாளி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய்! உள்ள போ! உள்ள போம்மா!"

விளிம்பை விட்டு வெளியே சாய்ந்தேன்.

கயிறு விறைத்தது, கப்பி கிறீச்சிட்டது. பல்லிக்குப் பதிலாகச் சுண்ணாம்பு உரிந்த சுவர்தான் கண்முன் இருந்தது. கையைத் தளர்த்தினேன். சுவர் மேலே போனது. முதல் மாடி ஜன்னல் வந்தது, உள்ளே அடுக்கியிருந்த குதிரைகள் கண் இல்லாமல் வெள்ளையாக நின்றன. நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே கையை இறுக்கி நின்றேன். பயத்தில் நிற்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். அப்புறம் இறங்கினேன். பூட்ஸ் தரையைத் தொட்டது. கைத்தடியை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன், அதை எடுத்து ஊன்றி நிமிர்ந்தேன்.

மேடம் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள். "இத யாரு ஏற்பாடு பண்ணாங்க?" என்று முதலாளியைக் கேட்டார்கள்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க. என்ன இன்னிக்கு லீவு போடச் சொன்னாங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கம்பெனிச் சொத்தை அறுத்ததற்கு ஒரு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்றார். சரி என்றேன். அந்த வாரம் வந்த பொம்மைகளுக்குக் கண் எழுத ஆள் இல்லாமல் இரண்டு அலமாரி நிறைந்துவிட்டதாகப் பக்கத்து மேஜைக்காரி வீட்டுக்கு வந்து சொன்னாள், மீன் குழம்போடு. எட்டாம் நாள் போனபோது என் மேஜை அதே இடத்தில் இருந்தது. கம்பிச் சட்டத்தை மறுபடி பற்றவைக்கச் சொல்லி வெல்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வேறு ஊரில் வேலை இருப்பதாகச் சொல்லி வரவே இல்லையாம்.

மேடம் எழுதிப்போட்ட கடிதத்தால் மூன்று மாதத்தில் கட்டடத்துக்குப் பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு வந்தது. முதலாளி அதன் கதவுக்குப் பூட்டுப் போட்டார். திருடன் வருவானாம். பதினோரு பேரும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தோம். மதியத்துக்குள் பூட்டு போய்விட்டது. அந்தப் படிக்கட்டு செங்குத்தானது, என்னால் அதில் இறங்க முடியாது. அதனால் கப்பி அங்கேயேதான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை கயிற்றை முழுக்க விரலால் தடவி, நைந்த இடம் உண்டா என்று பார்த்து, ஒரு தடவை இறங்கியும் பார்த்துவிடுவேன். இப்போது இன்னும் நாலு பெண்களுக்கு அதில் இறங்கத் தெரியும்.

அதன் பிறகு தீ எதுவும் வரவில்லை. "இவ்ளோ பண்ணியே, எரியவே இல்லியே" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எரியவில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன மாதம் சேத்தியாத்தோப்பிலிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். மூன்றாவது மாடியில் தையல் வேலை, படிக்கட்டு ஒன்று, அதிலும் துணி மூட்டை அடுக்கியிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கயிறு, கப்பி, பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து மேஜைக்காரியும் கூட வந்தாள். அந்தக் கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"மொதலாளி ஊர்ல இல்லம்மா. யாரப் பாக்கணும்?"

"அவர அப்புறம் பாத்துக்கறோம். மொதல்ல ஜன்னலக் காட்டுங்க" என்றேன்.