இருநூறு ஆம்பியர்

லெபனானில் திரிபோலி ஊர் லிஃப்ட் மெக்கானிக் வஜ்தியின் ராசி அப்படி. மின்சாரம் நின்றது, லிஃப்டெல்லாம் நடு மாடியில் தொங்கின, அவன் பிழைப்பும் கூடவே தொங்கியது. பிறகு பெட்ரோலும் காணாமல் போனது. மனைவி நஜ்லா மலைமேல் ஒரு பள்ளியில் டீச்சர். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

வஜ்தி பழைய காரின் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, காயலான் கடை ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரைப் பொருத்தினான். பின்சீட்டில் பேட்டரிகள், நடுவில் கன்ட்ரோலர், ஸ்டியரிங் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஆம்பியர் மீட்டர்.

மீட்டரைப் பேட்டரிப் பக்கம் கோத்தால் முள் நாற்பதைத் தாண்டாது. கன்ட்ரோலர் வோல்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும் என்பதால், மோட்டார் பக்கம் கோத்தால் கிளம்பும்போதே இருநூறு. வஜ்தி மோட்டார் பக்கம் கோத்தான். வேலையில்லாத மனுஷனுக்குப் பெரிய நம்பரைப் பார்க்க ஆசை இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமை தெருவே மாற்றி மாற்றி ஏறி ரவுண்டு அடித்தது. பேட்டரி காலி. தெருவுக்குக் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர் லைனில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று சொருகினான்.

அந்தத் தெருவில் ஆம்பியர் என்றால், ஜெனரேட்டர்காரர் அபூ நாயிஃப் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து ஐந்தாக அளந்து கொடுப்பது மட்டும்தான். சாயங்காலமே அவர் வந்து நின்றார்.

"ஏன்யா மேஸ்திரி, ஆளாளுக்கு அஞ்சு ஆம்பியர்ல அரை ஃப்ரிட்ஜ் ஓட்டுறாங்க. நீ இருநூறு உறிஞ்சுறியாமே?"

"அண்ணே, அது மோட்டாருக்குள்ள ஓடுறது. உங்க லைன்ல ரெண்டு ஆம்பியர்கூட எடுக்கலண்ணே."

"என் கண்ணால பாத்தேன்!" என்றாள் முன்சீட்டில் சவாரி போய்வந்த மூன்றாம் மாடி சுஹைலா. "முள்ளு இருநூறுல நின்னு ஆடுச்சு. பெருமையா காட்டினதே இவன்தான். அதான் என் வாஷிங் மெஷின் சுத்தல!"

அபூ நாயிஃப் கட்டிங் பிளேயரால் வஜ்தியின் லைனை வெட்டிவிட்டுப் போனார்.

திங்கள் காலை நஜ்லா கார் பக்கம் குனிந்தாள். "இப்ப எவ்வளவு காட்டுது?"

"பூஜ்யம்."

"இன்னிக்குத்தான் உண்மைய சொல்லுது," என்று சொல்லிவிட்டு மலைப்பாதையில் நடந்தாள்.

அவள் போனபின் மீட்டரைப் பேட்டரிப் பக்கம் மாற்றிக் கோத்தான். முள் அசையவில்லை. எந்தப் பக்கம் கோத்தால் என்ன இனி?

பொழுது சாய, நஜ்லா செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். வீட்டுக்கு ஐந்து மாடி ஏறத் தெம்பில்லாமல் காரிலேயே உட்கார்ந்தாள். வஜ்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள வேற ஆள் வந்தாச்சுங்க," என்றாள். மீட்டர் முள்ளையே பார்த்தாள். "இதையாவது கழட்டித் தொலைங்க."

ஸ்க்ரூடிரைவரைத் தேடினான். அது காலையிலிருந்து அவன் கையிலேயே இருந்தது.