சிலேட்டில் அழித்த வரி

என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு கல் சிலேட்டு தொங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண சிலேட்டுதான். மரச்சட்டத்தின் ஒரு மூலை விட்டுப்போய்க் கம்பியால் கட்டியிருக்கிறது. குச்சியால் எழுதிய எழுத்தெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆணியால் கீறிய ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம்: ‘காது கேக்காது.’ எனக்கு இப்போது இடது காது மந்தம் என்பதால், பேரப்பிள்ளைகள் என்னைக் கேலி செய்து எழுதியது என்று நினைத்து வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். அது ஒரு நாயைப் பற்றி எழுதியது என்றால் கதையைக் கேட்பார்கள். அந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

கீறியவர் என் மதினி, அண்ணனின் மனைவி. அண்ணன் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் மாதக் கணக்கில் திரும்பமாட்டார். மதினியின் அப்பா கோவில்பட்டியில் ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். அவர் காலத்துக்குப் பிறகு அது மூடிக் கிடந்தது. காவலுக்கு இருந்தவர் விட்டுப்போன நாய்க்குச் சோறு வைக்கப் போனவர்தான் மதினி. நாய்களுக்குச் சோறு வைக்கிற வீட்டு விலாசம் ஊருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். வீடு மாறுகிறவர்கள், வெளியூர் போகிறவர்கள், நாய்க்கு வயதாகிவிட்டது என்று அலுத்துப்போனவர்கள் எல்லாரும் விடிவதற்குள் கொண்டுவந்து கதவில் கட்டிவிட்டுப் போனார்கள். மூன்று வருஷத்தில் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டங்களைத் தரையில் பரப்பி அதன்மேல் அவற்றைப் படுக்கவைத்திருந்தார். மருந்து வாடையும் நாய் வாடையும் கலந்து அங்கே போய்வந்தால் சட்டையைத் துவைத்தே ஆகவேண்டும்.

நான் அப்போது மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். புண்ணுக்கு மருந்து போடவும் ஊசி போடவும் மதினி கூப்பிட்டால் போவேன். எனக்கு அந்த ஊரில் இன்னொரு மரியாதையும் இருந்தது. சந்தையில் மாடு வாங்குகிறவர்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வதற்கு என்னைத்தான் தேடுவார்கள். நான் ஆறு பல் என்றால் ஆறு பல். யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். அந்தப் பெருமையில் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

இளம் நாய்களுக்கு அங்கே கிராக்கி இருந்தது. பருத்திக் காட்டுக்குக் காவல், களத்துக்குக் காவல் என்று கிராமத்துக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். மாட்டுக்குப் பார்க்கிற மாதிரியே நாய்க்கும் வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள். தேய்ந்த பல்லைக் கண்டதும் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்ததிடம் போய்விடுவார்கள். அந்தக் கிழடுகளும் அதைப் பழகியிருந்தன. புது ஆள் உள்ளே வந்தால் குட்டிகள் துள்ளும், இவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் சகிக்காது என்பதைத் தவிர நான் வேறெதுவும் செய்ததில்லை.

மதினி ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சிலேட்டு தொங்கவிட்டிருந்தார். பேர், வயது, சாப்பாடு, அதற்குக் கீழே என்ன குறை என்பது. ‘ஒரு கண் தெரியாது.’ ‘இடிக்குப் பயந்து மூத்திரம் பெய்யும்.’ ‘பின்னங்கால் இழுக்கும்.’ ஒளிவுமறைவே கிடையாது. ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

“இப்படி எழுதிப் போட்டா யாரு மதினி கூட்டிட்டுப் போவா?”

“நீங்க கூட்டிட்டுப் போங்க தம்பி” என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அப்போதுதான் வீட்டுக்குப் புதிதாக மொசைக் தரை போட்டிருந்தேன். அதன்மேல் எண்ணெய்ச் சட்டியைக் கூட இறக்கவிடமாட்டேன். நாயை எங்கே விடுவது?

மதினியின் கூடப்பிறந்தவர்கள் அந்த இடத்தை விற்றுவிட்டார்கள். ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிப்போனது. அதற்குள் எல்லா நாய்க்கும் இடம் தேடவேண்டும். இளசுகள் ஒரே வாரத்தில் போய்விட்டன. கிழடுகளுக்குத்தான் மதினி பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். மணியாச்சிப் பக்கத்து ரயில்வே கேட்காரர் ஒருவர் வந்து, ஒரு கண் தெரியாது என்ற சிலேட்டைப் படித்துவிட்டு, “எனக்கும் வெள்ளெழுத்துதான், ரெண்டு பேரும் சேந்து ரயிலப் பாப்போம்” என்று அந்த நாயைக் கூட்டிப்போனார். எப்போதும்வென்றான் என்ற ஊரில் தனியாக இருந்த ஒரு அம்மா கால் இழுக்கிறதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றை மதினியே, பல குடித்தனங்கள் இருக்கிற தன் வளவின் ஒற்றை அறைக்குக் கொண்டுபோய், அக்கம்பக்கத்தாரிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே நாலாவதுக்கு இடமில்லை.

மிஞ்சியது செவலை. பதினோரு வயது, மூக்கு முழுக்க நரை. இரண்டு காதும் கேட்காது. ஆபீஸின் வாசலில் லாரிகள் ஓடுகிற ரோடு. அதைத் தெருவில் விட்டால் ஹாரன் சத்தம் தெரியாமல் ஒருநாள்கூடத் தாங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம், இன்னும் சில நாள் தவணை கேட்கிறேன் என்று இடம் வாங்கியவரைப் பார்க்க மதினி போனார். நான் காவலுக்கு இருந்தேன். யாரும் வராவிட்டால் மதினி என் முகத்தைத்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு அந்த நாய்மேல் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒருவர் தோளில் கயிறு போட்டுக்கொண்டு கேட்டைத் தள்ளுகிறார். புதூர்ப் பக்கத்துக் கீதாரி, ஆட்டுக்கிடையின் தலைவர். மாட்டாஸ்பத்திரிக்கு வந்துபோகிற ஆள், முகம் தெரியும். ராத்திரியில் நரி வந்து குட்டியைத் தூக்குகிறது என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். அவர் வாசலுக்கு வருவதற்குள் என் கட்டைவிரல் எச்சில் தொட்டுச் சிலேட்டின் கடைசி வரியை அழித்துவிட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமுடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்லமுடியாது.

அவர் எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தார். செவலை. வயசு பதினொண்ணு. சோறு எது வச்சாலும் திங்கும். ஈரம் காயாத இடத்தில் விரல் நின்றது.

“இங்கன என்னமோ எழுதி அழிச்சிருக்கு?”

“அது பழசு அண்ணாச்சி. மருந்து போட்ட கணக்கு.”

குத்தவைத்து நாயின் வாயைத் திறந்தார். செவலை மறுக்காமல் காட்டியது. “கடவாப்பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு” என்றார். ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகவில்லை. “இருக்கட்டும். கெழட்டு நாய்க்குத் தூக்கம் கம்மி. நரி சத்தம் கேட்டா ரெண்டு கொர கொரச்சாப் போதும், நாங்க எந்திரிச்சிருவோம். காது நல்லாக் கேக்கும்லா?”

“கேக்கும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாயின் பின்பக்கம் போய்க் காலால் தரையை ஓங்கி மிதித்தார். செவலை படுத்திருந்த மரச்சட்டம் அதிர்ந்தது. அது சட்டென்று திரும்பிப் பார்த்தது. கீதாரி சிரித்துவிட்டார். “மாட்டாஸ்பத்திரிக்காரவுக சொன்னாச் சரியாத்தான இருக்கும்” என்று சொல்லிக் கயிற்றைக் கழுத்தில் போட்டார். நாய் வாலாட்டிக்கொண்டே அவரோடு போய், வாசலில் நின்ற புதூர்க்காரர் வேனில் ஏறிக்கொண்டது.

அரைமணி நேரத்தில் மதினி வந்தார். முகத்தில் சந்தோஷம். “ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துக்கிடச் சொல்லிட்டாவ தம்பி” என்றார். பிறகுதான் காலிச் சட்டத்தைப் பார்த்தார். யார், எந்த ஊர், என்ன வேலைக்கு என்று கேட்டார். ஆட்டுக்கிடைக்குக் காவல் என்றதும் திரும்பிச் சிலேட்டைப் பார்த்தார்.

“காது கேக்காதுன்னு சொன்னீங்களா?”

நான் காலிச் சட்டத்தைச் சுவரோரமாக நகர்த்தினேன்.

“அவிய கேக்கலையா?”

“கேட்டாரு. கேக்கும்னு சொன்னேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சிலேட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஆடுதான் அவியளுக்குச் சோறு. காலைல மொத பஸ்சுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் புதூரில் இறங்கி விசாரித்தால், கிடை இருந்த கரிசல் காட்டில் தண்ணீர் நின்றதால் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எந்த மேடு என்று ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். மழை பெய்த கரிசலில் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பத்து அடிக்கு ஒருதரம் காலில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழித்துப் போடவேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். மதினி முன்னால் நடந்தார். ராத்திரி நரி வந்திருக்காது, மழைக்கு எங்கே வரும் என்று நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். உச்சிவெயில் ஏறுகிற நேரத்தில் ஆட்டுச் சத்தம் கேட்டது.

கிடைக்கு ஓரத்தில் செவலையை ஒரு உடைமுள் மரத்தில் கட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வாலாட்டியது. அடி ஏதும் பட்டிருக்கவில்லை. கீதாரி எழுந்து வரவில்லை. அவர் காலடியில் சாக்கு போட்டு மூடி என்னவோ கிடந்தது.

“ரெண்டு குட்டி” என்றார். “ஒண்ண நரி தூக்கிட்டுப் போயிருச்சு. ஒண்ணு இங்கன கெடக்கு. இந்த நாயி பக்கத்துலயே படுத்துக் கெடந்துச்சு, தலையத் தூக்கல.”

“தப்பு எங்க மேல அண்ணாச்சி” என்றார் மதினி. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. சொன்ன வாயே சொல்லட்டும்.”

சந்தையில் நூறு பேர் நடுவில் கூசாமல் பேசுகிற எனக்கு அந்த நாலு வார்த்தை வர நேரமாயிற்று. “அதுக்குக் காது கேக்காது. எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரியாக மூடினார். “கெழடுன்னு தெரிஞ்சுதானய்யா கூட்டியாந்தேன். செவிடுன்னு சொல்லியிருந்தாலும் கூட்டியாந்திருப்பேன். பக்கத்துல ஒரு குட்டி நாயக் கட்டியிருப்பேன். அது துள்ளுறதப் பாத்து இது கொரைச்சிருக்கும். ரெண்டையும் வச்சுப் பொழச்சிருப்போமே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகைதான், அதை வேறு பேர் சொல்லி அழகுபடுத்த விரும்பவில்லை. குட்டிகளுக்கு ஈடாக ஏதாவது செய்கிறேன் என்றேன். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து மதினியிடம் கொடுத்தார். “இனிமே இது இங்கன வேண்டாம்” என்றார். அதற்குப் பிறகு சந்தையில் யாரும் என்னைப் பல் பார்க்கக் கூப்பிடவில்லை. அவர் யாரிடம் சொன்னாரோ, சொல்லவே இல்லையோ, நானாகவும் போவதை நிறுத்திக்கொண்டேன்.

நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். சோளத்தட்டை ஏற்றிவந்த ஒரு டிராக்டரில் மூன்று பேரும் கோவில்பட்டி வந்து சேர்ந்தோம். இறங்கியதும் மதினி ஆபீஸ் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை இருந்ததே. அவர் கயிற்றை என் கையில் வைத்தார். பையிலிருந்து சிலேட்டையும் எடுத்துக் கொடுத்தார். முந்தின ராத்திரியே அந்த வரியை ஆணியால் கீறி வைத்திருந்திருக்கிறார். பிறகு தன் வளவுக்குப் போகிற சந்தில் நடந்துவிட்டார். ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவலை என் வீட்டு மொசைக் தரையில் ஈரக் கரிசல் மண்ணோடு நடந்து, கூடத்தின் நடுவில் படுத்தது. என் மனைவி ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டாள். ஒன்றரை வருஷம் இருந்தது. யார் வாசல்படி மிதித்தாலும் தரையின் அதிர்விலேயே தெரிந்துகொண்டு குரைக்கும். ஒருநாள் காலையில் நான் பக்கத்தில் போய்த் தரையை மிதித்தும் அது திரும்பவில்லை. குழி தோண்ட மதினி வந்தார். “நல்லா வச்சிருந்தீங்க தம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். மதினியும் இப்போது இல்லை.

போன மாதம், ஊருக்கு வெளியே சில இளவட்டங்கள் நடத்துகிற நாய்க் காப்பகத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். வயது தெரியாத நாய்களுக்குப் பல் பார்த்துச் சொல்லவேண்டுமாம். கூண்டுக்குக் கூண்டு அழகான அட்டை, வண்ண எழுத்து. கடைசிக் கூண்டில் மூக்கு நரைத்த ஒரு கறுப்பு நாய். அதன் அட்டையில் ‘மிகவும் அமைதியானவன்’ என்று எழுதியிருந்தது. நான் அதன் பின்பக்கம் போய்க் கையைத் தட்டினேன். மறுபடி, பலமாகத் தட்டினேன். அது எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேனா வாங்கி, அமைதியானவன் என்பதற்குக் கீழே ‘காது கேக்காது’ என்று எழுதினேன். அங்கே பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது.

“இப்படி எழுதிட்டா யாரு சார் கூட்டிட்டுப் போவாங்க?” என்று கேட்டாள்.

பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு, கயிறு இருக்கிறதா என்று கேட்டேன்.